கொஞ்சம் ப்ரைஸி

அந்த நாற்காலி என் வீட்டு வாசலைத் தாண்டாது. தாண்டினால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே இப்படிச் சபதம் செய்தேன். பாதி சபதம், பாதி நுரை.

முந்தின நாள் என் மனைவி அவள் அண்ணனிடம் போனில் பேசினது என் காதில் விழுந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வந்துடுண்ணே. நீ வர்றேன்னுதான் நாற்காலியே வாங்கப் போறேன்."

கடைத்தெருவில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்களே, சாய்ந்தால் கால் வைக்கும் பலகை தானாக வெளியே வருமே, அந்த நாற்காலி. என் மச்சானுக்கு! ஆறடி மனுஷன் என் வீட்டில் ராஜா மாதிரி கால் நீட்டுவார், நான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம்.

நேராக "வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் என் மனைவியைப் பார்த்ததில்லை. துணி தைக்கிறவள். வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டே "என்ன சொன்னீங்க?" என்று கேட்பாள். சொன்னது எனக்கே மறந்துபோகும்.

அதனால் ஒரு தந்திரம். நான் கார்ப்பெட் கடையில் பத்தொன்பது வருஷமாக நின்று விற்கிறவன். வருகிறவர்கள் எல்லாம் இங்கிலீஷில்தான் விலையைத் திட்டுவார்கள். அந்த வார்த்தைகளை இவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும். வார்த்தை வாயில் வந்துவிட்டால் பொருள் வீட்டுக்குள் வராது.

அன்றைக்கே பாடத்தை ஆரம்பித்தேன்.

"ப்ரைஸின்னா விலை கொஞ்சம் ஜாஸ்தி. ஸ்டீப்னா செங்குத்தா ஏறிப்போச்சு. ரிப்-ஆஃப்னா பகல் கொள்ளை."

"அப்புறம்?"

"காஸ்ட்ஸ் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக். ஒரு கையும் ஒரு காலும் வெட்டிக் குடுக்கணுமாம்."

"ஐயய்யோ! அப்புறம் வாங்கினதை எப்படித் தூக்கிட்டு வர்றது?"

நன்றாகத்தான் படித்தாள். புதன்கிழமை முடி வெட்டிக்கொண்டு வந்தேன். எவ்வளவு என்றாள். சொன்னேன். "ரிப்-ஆஃப். இருக்கறதே நாலு முடி" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில்தான் வாய் சும்மா இருக்காமல், சாப்பிடும்போது தொழில் ரகசியத்தையும் அவிழ்த்துவிட்டேன்.

"ஒருத்தர் ப்ரைஸின்னு மெதுவா சொன்னா அவருக்குப் பொருள் பிடிச்சுப்போச்சுன்னு அர்த்தம். கொஞ்சம் குறைச்சா வாங்கிடுவார். ஸ்டீப்னா கூட ஏதாவது இலவசமா கேக்கறார். கை காலுன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா, பர்ஸைத் திறந்துட்டார்."

"ரிப்-ஆஃப்னு சொன்னா?"

"மேனேஜரைக் கூப்பிடுவோம். அவர் வந்தா ஒரு பைசா குறையாது."

அவள் தலையை ஆட்டிக்கொண்டே என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை கடைக்குப் போனோம். அவள் நாற்காலியை மூன்று சுற்று சுற்றினாள். தையலை விரலால் தடவினாள். விலைச்சீட்டைப் பார்த்தாள். நான் "ரிப்-ஆஃப்" வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ப்ரைஸி" என்றாள், மெதுவாக.

விற்பனையாளர் உடனே பத்து சதவீதம் குறைத்தார்.

"ஸ்டீப்" என்றாள், கைப்பிடியை விடாமல். வீட்டு வாசல்வரை கொண்டுவந்து இறக்கும் கூலி இலவசமாயிற்று. கூடவே ஒரு தலையணை.

நான் அவள் காதில், "ரிப்-ஆஃப் சொல்லுடி!" என்றேன்.

"சும்மா இருங்க. மேனேஜர் வந்துடப் போறார்." விற்பனையாளரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள். "ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்!" பர்ஸ் திறந்துவிட்டது. இரண்டு வருஷமாக ஊர் பேண்ட்டுக்கெல்லாம் ஓரம் மடித்துத் தைத்த காசு.

"உக்காருங்க" என்றாள் என்னிடம்.

"உங்க அண்ணன் உக்காரப் போற நாற்காலியில நான் எதுக்கு உக்காரணும்?"

"அண்ணனுக்குன்னு யார் சொன்னது?"

"நான் கேட்டேன், போன்ல!"

"ஓ, ஒட்டுக்கேட்டீங்களா? கடைக்காரங்க கீழ் வாசலோட இறக்கிட்டுப் போயிடுவாங்க. மூணு மாடி யார் தூக்கறது? அண்ணன் வர்றது உக்காரறதுக்கு இல்ல, தூக்கறதுக்கு."

அவள் என் முட்டியைக் காட்டினாள்.

"தினம் சாயங்காலம் ரெண்டாவது மாடித் திருப்பத்துல நின்னு, ஷூ லேஸ் கட்டற மாதிரி குனிஞ்சு முட்டியைத் தேய்ச்சுக்கறீங்க. உங்க ஷூவுக்கு லேஸே கிடையாது. கதவைத் திறந்து வச்சுக்கிட்டு மேலேருந்து பார்த்துக்கிட்டே நிக்கறேன், இன்னும் எத்தனை நிமிஷம்னு." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "உங்களுக்குன்னு சொன்னா வாங்க விடுவீங்களா?"

விட்டிருக்க மாட்டேன். உட்கார்ந்தேன். பலகை வெளியே வந்து என் காலை ஏந்திக்கொண்டது. பத்தொன்பது வருஷம் நின்ற கால். கண் கலங்கிவிட்டது. புதுத் தோல் வாசனை என்று சமாளித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் நாற்காலியை முதுகில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார். மூச்சு வாங்க அதிலேயே உட்காரப் போனார். "அண்ணே, அது அவரோடது" என்று அவள் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் பத்தொன்பது வருஷம் நிற்கலாம்.

மச்சான் போனபிறகு, கால் நீட்டிச் சாய்ந்த தைரியத்தில் கேட்டேன்: "என்னைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷமாச்சே. இங்கிலீஷ்ல என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லேன்."

குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்து வைத்தாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்; தொப்பையில் மட்டும் கொஞ்சம் நின்று பார்த்தாள்.

"ப்ரைஸி" என்றாள், மெதுவாக.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பிடித்திருக்கிறது என்று அர்த்தம்! கொஞ்சம் குறைத்தால் போதும் என்றும் அர்த்தம் என்பது, மறுநாள் காலை சர்க்கரை இல்லாத காபியைக் குடித்தபோதுதான் நினைவுக்கு வந்தது.