கட்டிலில் படுத்துப் படமெடுத்த விவகாரம்

மொரப்பூர்

அன்பு மகள் கலைமணிக்கு அப்பா எழுதுவது. இங்கு நான் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறேன். 'உயிரோடும்' என்பதை வேண்டுமென்றேதான் எழுதியிருக்கிறேன். மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் அன்பு. போனில் சொல்லலாம் என்றால் நீ மீட்டிங்கில் இருப்பாய், அதனால் கடிதம்.

நம் டிரஸ்டுக்கு நீ பெங்களூரிலிருந்தே ஃபேஸ்புக் பக்கம் தொடங்கிக் கொடுத்தாய். இலவசமாகக் கொடுக்கிற சக்கர நாற்காலி, வாக்கர், நோயாளிக் கட்டில் எல்லாவற்றையும் படமெடுத்துப் போடுங்கள், பொருள், ஊர், ஆள் பெயர் என்று டேக் போடுங்கள், பார்க்கிறவர்களும் தெரிந்ததைச் சேர்க்கட்டும், தேவைப்படுகிறவர்கள் தேடினால் கிடைக்கும் என்றாய். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டுப் படியேற ஆளில்லை, இதனாலாவது நாலு பேர் வரட்டுமே என்று நானும் தலையாட்டினேன். வெறும் கட்டிலைப் போட்டால் நீளம் தெரியாது, ஆள் படுத்தால்தானே தெரியும். படுக்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? வெள்ளை வேட்டி கட்டி, நேராகப் படுத்து, வெளிச்சம் கூசியதால் கண்ணை மூடிக்கொண்டு, போனை அலமாரியில் சாய்த்து வைத்துப் படமெடுத்து, 'பெரியண்ணன்', 'மொரப்பூர்', 'கட்டில்' என்று டேக்கும் போட்டேன். தெருமுனைக்குத் தெருமுனை அஞ்சலி பேனர் பார்த்துப் பழகிய சனம், பெயரும் ஊரும் மூடிய கண்ணும் பார்த்தால் வேறென்ன நினைக்கும்? ஒருவர் 'கண்ணீர் அஞ்சலி' என்று சேர்த்தார், அடுத்தவர் 'ஆழ்ந்த இரங்கல்', இன்னொருவர் 'எங்கள் சிங்கம்'. இத்தனை வருடம் என்னைச் சிங்கம் என்று ஒருவரும் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். அரூரிலிருந்து நம் தூரத்துச் சொந்தம் அருள்குமார் மாலையோடு வந்து நின்றான். சின்ன வயதில் என்னைப் பார்த்தவன், படத்திலும் முகம் சின்னதாகத்தான் இருந்தது, அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"பெரியண்ணன் மாமா வூடு இதுதானுங்களா? எப்பங்க எடுக்கறாங்க?"

"இன்னும் நேரமிருக்குதுங்க. உள்ள வந்து டீ குடிங்க" என்றேன். உண்மையைச் சொன்னால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவானே. அவன் டீயை முடிப்பதற்குள் கூடம் நிறைந்துவிட்டது. பக்கத்து ஊர் ராணியம்மாள் தெருவிலிருந்தே அழுதுகொண்டு வந்து, டீ டம்ளரோடு நின்ற என்னைப் பார்த்ததும் கோபித்துக்கொண்டார். "உசுரோட இருக்கறவரு ஒரு போன் பண்ணக் கூடாதுங்களா?" நீங்கள் பண்ணியிருக்கலாமே என்று கேட்க நினைத்து, அவருக்கும் ஒரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தேன்.

அப்புறம் என்ன, எல்லோரும் சிரித்து, மத்தியானம் வரை பேசிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போதுதான் கூடத்திலிருந்த சாமான்களைக் கவனித்தார்கள். ஆளுக்கொரு நோயாளியைச் சொல்லி நாற்காலிகளையும் வாக்கர்களையும் வாங்கிக்கொண்டார்கள், கட்டிலைத் தன் வீட்டுக்காரருக்கென்று ராணியம்மாள் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். உன் திட்டம் பலித்துவிட்டது. இப்போது கூடத்தில் சாமானும் இல்லை, மனிதரும் இல்லை, பேசினால் என் குரலே திரும்பி வருகிறது. அந்தப் படத்துக்கு நீயும் லைக் போட்டிருந்தாய். அவசரத்தில் பார்க்காமல் போட்டிருப்பாய், எனக்குத் தெரியும். ஆனாலும் வருத்தமாகத்தான் இருந்தது. அந்த இரங்கல் டேக்குகளை எடுக்க எனக்குத் தெரியவில்லை, கடிதம் கண்டதும் எடுத்துவிடு.

நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா பெரியண்ணன்

பி.கு: டேக்குகளை எடுக்க வேண்டாம். ஓசூரிலிருந்து உன் அம்மாவழிச் சித்தி ஜானகியம்மாள் இப்போதுதான் போன் செய்தார். துக்கத்துக்கு வர முடியவில்லை, காரியத்துக்கு வந்து ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்றார். பேசுவது யாரென்று நான் சொல்லவில்லை. அப்பா காரியம் என்றால் உனக்கும் ஆபீசில் லீவு கொடுப்பார்கள்தானே, கேட்டுப் பார்.