எழுந்து நிற்கும் கட்டைவிரல்

நெய்வேலி,
ஞாயிறு.

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு, தமயந்தி வணங்கி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அப்பாவும் நலம் என்று எழுதச் சொன்னது அப்பாதான்.

கொஞ்ச நாளாக அவருடைய இடது காலில் செருப்பு தங்குவதில்லை. கழன்றது தெரியாமலே நடந்துபோவார்; நான் எடுத்துக்கொண்டு பின்னால் போவேன். செருப்புக் கடைக்காரரோடு சண்டையெல்லாம் முடிந்த பிறகுதான் டாக்டரிடம் வந்தார். டாக்டர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே லேசாகத் தட்டினார். கால் துள்ளி அவர் கையிலிருந்த காகிதங்களைப் பறக்கவிட்டது. பாதத்தை மேலே தள்ளிப் பிடித்தார்; அது தையல் மிஷின் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. சாவியால் உள்ளங்காலைக் கீறினார். கட்டைவிரல் மேலே எழுந்தது, மற்ற விரல்கள் விசிறியாக விரிந்தன. டாக்டர் முகம் மாறிவிட்டது. "கழுத்துத் தண்டுவடத்துல ஏதோ அழுத்துது போல. மூளையோட கட்டுப்பாடு காலுக்கு வந்து சேரல. சீக்கிரம் மெட்ராஸ்ல காட்டுங்க, விட்டா நடக்க முடியாமப் போயிடும்" என்றார். அப்பா சுரங்கத்தில் நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட்டுக்கு ஆபரேட்டர் என்பதால், "பெல்ட் ஓடுது, நிறுத்துற ஸ்விட்சுக்குத்தான் லைன் கட்" என்றும் விளக்கினார். "ஓடுதுல்ல சார், அது போதும்" என்று அப்பா எழுந்துவிட்டார்.

அன்றிலிருந்து ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை எல்லாம் பூட்ஸைக் கழற்றச் சொல்லி, குவார்ட்டர்ஸ் சாவியால் உள்ளங்காலைக் கீறுகிறார். எல்லோருக்கும் விரல் கீழேதான் மடங்குகிறது. "உன்னுது தலய தொங்கப் போட்டுகினு கெடக்குது பாரு. என்னுது எப்டி எந்திரிச்சு நிக்குது?" என்கிறார். பக்கத்து வீட்டு நாசர் அண்ணனுக்குத் தன் விரல் மடங்குகிறதே என்ற கவலையில் தூக்கமில்லை. அவர் மனைவி கமர் நிஷா அக்கா அவருக்கு ஆட்டுக்கால் சூப் வைக்கிறார். மடங்குவதுதான் சரி என்று சொல்ல நினைப்பேன். பி.எஸ்சி. படித்த வாய், பெரியப்பா, அப்பா எதிரில் திறப்பதில்லை.

நேற்று வாசல்படியில் விழுந்தார். படி உயரமாம். அந்தக் காலோடு ஓடுகிற பெல்ட் பக்கத்தில் நிற்கிறாரே என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உங்கள் சொல்லைத்தான் தட்டமாட்டார். உடனே வந்து ஓர் அதட்டல் போடுங்கள்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் இருவர் காலும் சொன்னபடி கேட்டு நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
தமயந்தி

பி.கு.: நீங்கள் வர வேண்டாம், பெரியப்பா. இந்த இன்லண்ட் கடிதத்தை ஒட்டுவதற்குள் அப்பா, கமர் நிஷா அக்காவின் கைக்குழந்தையின் உள்ளங்காலையும் கீறிப் பார்த்தார். கட்டைவிரல் டக்கென்று எழுந்தது. "இந்த பிளாக்குலயே நானும் இவனுந்தான் ஆம்பள" என்று தூக்கிக் கொஞ்சினார். "அவனுக்கு இன்னும் நிக்கவே தெரியாதுங்களே அண்ணே" என்றார் அக்கா. அப்பா குழந்தையைக் கொடுத்துவிட்டுத் தன் காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நாங்களே மெட்ராஸ் வர்றோம்னு எழுது. வைத்தியம் பண்ணா இதுவும் தலய தொங்கப் போட்டுருமான்னு அண்ணன கேளு" என்றார்.