சிங்கம் வேண்டாம் மாமா

“ஐயோ மாமா, இந்தச் சிங்கத்த யாரு கேட்டா?”

ஏஞ்சலின் போட்ட கூச்சலில், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் ரோட்டில் போன ஷேர் ஆட்டோ ஒன்று சவாரி என்று நினைத்து நின்றேவிட்டது.

“கெத்தா இருக்கட்டும்னு நான்தாம்மா சேத்தேன்” என்றார் பாக்கியராஜ். அவளுடைய தாய்மாமன், பிளக்ஸ் கடைக்காரர். கட்சிக் கூட்டம், காது குத்து, கண்ணீர் அஞ்சலி மூன்றுக்கும் அவர் பேனர் தொங்காத கம்பம் அந்த வட்டாரத்தில் கிடையாது. எல்லாவற்றின் கீழ் மூலையிலும் ‘பாக்கியராஜ் பிளக்ஸ், ஸ்டேஷன் ரோடு’ என்று கட்டாயம் இருக்கும்.

“இது சண்டை வேணாம்னு சொல்ற போஸ்டரு மாமா! காலேஜ் போட்டிக்கு!”

“சிங்கம் சும்மாதானே நின்னுக்கினு கீது? யாரையும் கடிக்கலியே.”

ஏஞ்சலினுக்கு அழுகை முட்டியது. முட்டாதா பின்னே? அவள் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து கல்லூரி விழா என்று ஒன்று நடக்கவே இல்லை. பொன்னேரி பக்கமிருந்து ரயிலில் வரும் பையன்களும், திருவள்ளூர் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் பையன்களும் விழா என்றாலே நாற்காலியைத் தூக்கிவிடுவார்கள். முதல் வருடம் பழகிய குத்து டான்ஸை மேடையேற்றாமலே கடைசி வருடத்துக்கு வந்துவிட்டாள், பாவம். இந்த வருடம்தான் பிரின்சிபால் மேடம் மனமிரங்கி, “வன்முறைத் தடுப்பு போஸ்டர் போட்டி வைக்கிறேன். அது கைகலப்பு இல்லாம முடிஞ்சா விழா உண்டு” என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் போட்டி இன்றைக்கு.

ஏஞ்சலின் விடுவாளா? ரயில் கோஷ்டித் தலைவன் ஜெகனும் பஸ் கோஷ்டித் தலைவன் சாம்சனும் கை குலுக்குவதுபோல் போஸ்டர் போட்டுவிடுவதென்று முடிவு செய்தாள். ஜெகனிடம் போய், “சாம்சன் உங்கூட ராசியாப் போவணும்னு கெஞ்சறான்” என்றாள். சாம்சனிடம் போய் அதையே திருப்பிச் சொன்னாள். இருவரும் பெரிய மனது பண்ணி, கூலிங்கிளாஸ் போட்ட போட்டோவை அனுப்பினார்கள். கைகளை மாமா கம்ப்யூட்டரில் சேர்த்தார். அதோடு நின்றிருக்கலாம்.

சிங்கம் ஜெகனுக்குப் பின்னால் மட்டும் நின்றது.

“அவன் நம்ம கஸ்டமரும்மா. வருஷா வருஷம் பொறந்த நாளுக்கு பேனர் அடிக்கறான்.”

“சாம்சன் பசங்க பாத்தா பேஜாராயிடும் மாமா, எடுங்க!”

“எதுக்கு எடுக்கணும்? அவனுக்கும் ஒண்ணு வெச்சுட்டா போச்சு.”

அவள் வாயைத் திறப்பதற்குள் மிஷின் அடித்துத் தள்ளிவிட்டது. சுருட்டிக்கொண்டு ஓடினாள். கல்லூரி கேட்டுப் பக்கத்துச் சுவரில் கட்டி முடிக்கவும், பஸ் கோஷ்டி உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

“இன்னா இது? அவன் சிங்கம் உறுமுது, எங்க ஆளு சிங்கம் கொட்டாவி உடுது?”

உண்மைதான். மாமாவின் கைவசம் இருந்த இரண்டாவது சிங்கம் அப்படிப்பட்டது.

“பஸ்ல நின்னுக்கினே வந்த களைப்புடா!” என்று ரயில் கோஷ்டியிலிருந்து ஒரு குரல் வந்தது.

சட்டைக் கைகள் மடங்க ஆரம்பித்தன. ஏஞ்சலின் பாய்ந்து போஸ்டரை அவிழ்த்தாள். “பிரிண்டிங் மிஸ்டேக்குபா! இதோ மாத்திக்கினு வரேன்!”

மறுபடியும் கடை.

“ரெண்டு சிங்கத்தையும் தூக்குங்க மாமா. பாத்தாலே அமைதியா, சாந்தமா இருக்கணும்.”

“சாந்தமாத்தானே? இத முன்னாடியே சொல்லக் கூடாதா? அதுக்குன்னே ஒண்ணு ரெடியா கீது. நீ போ, நானே ஆள உட்டு கட்டச் சொல்றேன்.”

மாமா முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அதைப் பார்த்தாவது அவள் சுதாரித்திருக்க வேண்டும்.

ஆள் வந்து கட்டிவிட்டுப் போனபோது மாணவர்கள் எல்லோரும் ஹாலில் இருந்தார்கள். மேடம் அகிம்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வலது கோடியில் ஜெகன், இடது கோடியில் சாம்சன். திடீரென்று வெளியே ஒப்பாரிச் சத்தம்.

எல்லோரும் ஓடினார்கள். கேட்டருகே கம்பெனி யூனிபார்மோடு ஜெகனின் அம்மா சின்னப்பொண்ணு மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். சிப்காட்டில் வேலையில் இருந்தவளுக்கு யாரோ புண்ணியவான் போஸ்டரைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான்.

ஏஞ்சலின் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வட்டத்துக்குள் ஜெகன், ஒரு வட்டத்துக்குள் சாம்சன். சுற்றிலும் ரோஜா மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே வெள்ளைப் புறா. குலுக்கிய கைகள் இப்போது கும்பிட்டுக்கொண்டிருந்தன. அசல் கண்ணீர் அஞ்சலி பேனர்!

“யம்மா! நான் இங்க கீறேன்!” என்று கத்தினான் ஜெகன்.

சின்னப்பொண்ணு பிள்ளையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். கொடுத்த கையோடு சாப்பாட்டுப் பையால் விளாசினாள். “ரவுடி கணக்கா சுத்தாதன்னு எத்தினி தபா சொன்னேன்! உசுரே பூட்ச்சுடா!”

பக்கத்தில் நின்ற பாவத்துக்கு சாம்சனுக்கும் இரண்டு விழுந்தது. ஜெகன் குறுக்கே பாய்ந்து, “அவன உடும்மா!” என்றான். ரயில் பையன் பஸ் பையனைக் காப்பாற்றி அந்தக் கல்லூரி பார்த்ததே இல்லை.

“அடிதடி ஆயிடுச்சு மேடம். விழா போச்சு, இல்ல?” ஏஞ்சலின் அழுதேவிட்டாள்.

“பெத்தவ அடிச்சா அது அடிதடியில சேராதும்மா. அங்க பாரு!”

ஜெகனும் சாம்சனும் போஸ்டரைக் கீழ் மூலை வரைக்கும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாம்சன் ஏதோ ஜெகனின் காதில் சொன்னான். ஜெகன் தலையாட்டி, அவன் தோளில் கை போட்டான். இரண்டு கோஷ்டியும் ஒன்றாகக் கலந்து கேட்டைத் தாண்டி நடந்தது.

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “சண்டை எதுல போய் முடியும்னு பொட்டுல அடிச்ச மாதிரி சொன்னது உன் போஸ்டர் ஒண்ணுதான். முதல் பரிசு உனக்கே. விழாவும் உண்டு!”

ஏஞ்சலின் அங்கேயே ஒரு குத்து ஆட்டம் போட்டாள்.

வாட்ச்மேன் குப்புராஜ் மெல்லக் கிட்டே வந்தார்.

“ஆடறது இருக்கட்டும்மா, மொதல்ல உங்க மாமாவுக்கு ஒரு போனப் போடு. மொத கல்ல நீ உடு, இல்ல நீ உடுன்னு ரெண்டு பேரும் அவ்ளோ மரியாதையா பேசிக்கினு போறானுங்கோ.”