மூதேவிக்குப் பித்தளை பிடிக்கும்

சங்கராபுரத்தில் அந்த வருடம் மூதேவிகள் பெருகிப் போயிருந்தார்கள். சட்டி கழுவாத வீட்டில் ஒருத்தி, துணி மடிக்காத வீட்டில் ஒருத்தி. கண்டுபிடித்தவர், கல்வராயன் மலையில் தவமிருந்து இறங்கியதாகச் சொல்லிக்கொண்ட ஆதிமூல அடிகள். தவத்தை யார் பார்த்தது என்று கேட்காதீர்கள். கேட்டால் உங்கள் வீட்டிலும் ஒருத்தி குடியேறிவிடுவாள்.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த எண்பத்தேழாம் வருடம் அது. சாலை மறியலில் பஸ் நின்றுபோக, எங்கும் போக வழியில்லாத ஊர் மொத்தமும் அடிகளின் பின்னால் போனது.

அடிகளின் வைத்தியம் சுலபம். வீட்டுச் சாமான்களைப் பிரம்பால் தொட்டுக்கொண்டே வருவார். மூதேவி இருக்கும் சாமானில் பிரம்பு நடுங்கும். அதை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். கரியாலூர் பக்கத்து அருவியில் போட்டு அவளைத் தொலைத்துவிடுவார். அப்புறம் வீடு தானாகவே சுத்தமாகுமாம்.

கிழிந்த பாய், உடைந்த குடை, ஓட்டை வாளி எதிலும் பிரம்பு அசையவில்லை. பித்தளை அண்டாவையும் செம்புத் தவலையையும் கண்டால் மட்டும் குளிர்காய்ச்சல் வந்ததுபோல் உதறியது. மூதேவிக்கும் உட்காரத் தரமான இடம் வேண்டாமா? ராஜாம்பாள் தன் சீதனத் தவலையைக் கொடுத்துவிட்டு, குப்பைக்கு நடுவில் உட்கார்ந்து சுத்தம் எப்போது வரும் என்று காத்திருந்தாள்.

அடுத்த முறை, அவளுக்குப் பக்கத்து வீடான வீரமுத்து வீட்டுக்கு. அங்கே கால் வைக்க இடமில்லை. உரிக்காத மல்லாட்டைக் கடலை மூட்டை, மாட்டுக் கயிறு, மாமனார் கழற்றிப் போட்ட வேட்டி, கொழுந்தன்மார் தின்றுவிட்டு வைத்த தட்டு. அத்தனைக்கும் ஒருத்திதான், வீரமுத்துவின் மனைவி மணிமொழி. விடிந்தது முதல் ஓடினாலும் பாதி வேலை பாக்கி கிடக்கும். இதற்கு நடுவே கையால் சுற்றும் ஒரு தையல் மிஷினில் ஊராருக்கு ஜாக்கெட் தைப்பாள். யார் தயவும் இல்லாமல் அவள் நிமிர்ந்து நடப்பது அந்த மிஷினால்தான்.

பிரம்பு நேராக அந்த மிஷினில் போய் உதறியது.

"இதுலதாம்பா குந்திகினு கீறா. ஒம் பொண்டாட்டிய வூட்டு வேல செய்ய வுடாம தடுக்கறது இவதான்" என்றார் அடிகள்.

"எடுத்துகினு போங்க சாமி" என்றான் வீரமுத்து.

மணிமொழி மிஷினின் முன்னால் போய் நின்றாள். அழுது பயனில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"குடுக்கறங்க சாமி. மூதேவி எங்க இருந்தாலும் ஒங்க பிரம்புக்குத் தெரியுங்களா?"

"மண்ணுக்குள்ள பொதைச்சாலும் தெரியும்மா."

"அப்ப கொஞ்சம் வெளிய நில்லுங்க."

அடிகள் வாசலில் மோர் குடித்துக்கொண்டிருக்க, உள்ளே மணிமொழியும் ராஜாம்பாளும் கோணிகளை எடுத்தார்கள். ஒன்றில் அம்மிக்கல். ஒன்றில் பூசணிக்காய். மாமனாரின் அழுக்கு வேட்டிகளில் மிஷினைச் சுற்றி இன்னொன்றில். எல்லாவற்றின் வாயையும் கட்டி வரிசையாக வைத்தார்கள்.

"மூதேவி எதுலன்னு காட்டுங்க சாமி. நானே தூக்கியாந்து தர்றன்."

"கோணிக்குள்ள கீறப்ப தெரியாதும்மா."

"மண்ணுக்குள்ளயே தெரியும்னீங்களே" என்றாள் ராஜாம்பாள்.

கூட்டம் ஜன்னலில் தொங்கியது. அடிகள் பிரம்பை நீட்டினார். மெத்தென்றிருந்த அழுக்கு மூட்டையை மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டினார். கெட்டியாக இருந்ததில் பிரம்பு உதறியது. அவிழ்த்தால் அம்மிக்கல். "ரெண்டு மூதேவி கீது" என்று சமாளித்து அடுத்ததைத் தொட்டார். பூசணிக்காய். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

ராஜாம்பாள் சிரிக்கவில்லை.

"ரோடுதான் அடைச்சிக் கெடக்குதே, அருவிக்கு எப்பிடிப் போனீங்க? எந் தவல எங்க?"

அடிகள் வாடகைக்கு இருந்த வீட்டை ஊரார் போய்த் திறந்தார்கள். அண்டாவும் தவலையும் கூரை முட்ட அடைந்து கிடந்தன. அடிகள் பாய் விரிக்கக்கூட அங்கே இடமில்லை. சாமான்களை ஊர் பங்கு பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் பின்பக்கமாக ஓட்டம் பிடித்தார்.

வீட்டுக்கு வந்த வீரமுத்துவுக்கு ஒரே குழப்பம்.

"மூதேவி இல்லன்னா, வூடு ஏன் இப்பிடிக் கெடக்குது?"

"தின்ன தட்ட இந்த வூட்ல யாரு கழுவறாங்க, சொல்லுங்க" என்றாள் மணிமொழி. அவள் துடைப்பத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு மிஷினுக்கு எண்ணெய் போட உட்கார்ந்தாள்.

படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்டுச் சாலையில் உட்கார்ந்தோம். கேட்டது நியாயம். வீட்டு வேலையில் எனக்கும் பங்கு கொடு என்று ஒரு ஆண்பிள்ளையாவது இதுவரை மறியல் செய்ததுண்டா? அதற்கும் மூதேவிதான் காரணமா என்று, தட்டைக் கழுவிக்கொண்டே யோசியுங்கள்.