அது சரி, வேலைக்கு என்ன பண்றே?

நல்ல செய்தியோடு ஒரு வீட்டுக்குப் போனால், கதவைத் திறப்பது யார் என்று பார்த்துவிட்டு வாயைத் திறப்பது உத்தமம். திறந்தவர் ‘அது சரி’ இனத்தைச் சேர்ந்தவரா? செய்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெயிலைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

இவர் கெட்டவர் இல்லை. சிக்கலே அதுதான். பொறாமைக்காரர் என்றால் முகத்தைப் பார்த்தே ஒதுங்கிவிடலாம். இவரோ உங்கள் சந்தோஷத்தை முழுதாகக் கேட்பார், இடையிடையே தலையாட்டுவார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், திரும்ப மாட்டிக்கொள்வார், பிறகு ‘அது சரி’ என்பார். அதற்குப் பின்னால் வரப்போகும் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரமும் பொறுமையாக இருந்திருக்கிறார்.

எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தவர் சித்தப்பா. தண்ணீர் வாரியத்தில் கண்காணிப்பாளர். அவரிடம் மாட்டியது என் அக்கா. அக்கா கால்பந்து ஆடுகிறாள். பொழுதுபோக்காக அல்ல, பிழைப்பாக. ஒரு கிளப்பில் ஒப்பந்தம் போட்டு ஆடும் ஃபார்வர்டு, அதாவது முன்னால் நின்று கோல் போடவேண்டியவள். தொண்ணூறு நிமிடத்தில் எண்பத்தெட்டு நிமிடம் பந்தே வராமல் ஓடிவிட்டு, மிச்சமுள்ள இரண்டு நிமிடத்துக்காக ஊர்முழுக்கப் பேச்சு வாங்குகிற உத்தியோகம்.

பத்தொன்பது வயதில் முதல் ஒப்பந்தம் வந்தது.

“சித்தப்பா, கிளப்புல எடுத்துட்டாங்க.”

“ரொம்ப சந்தோஷம்மா. அது சரி, வேலைக்கு என்ன பண்ணப்போறே?”

“இதுதான் சித்தப்பா வேலை.”

“அதான் சரிங்கிறேனே. வேலைக்கு?”

இருபத்திரண்டில் அந்த ஆட்டப் பருவத்திலேயே அதிக கோல் போட்டவள் என்று கோப்பை வாங்கிவந்தாள். சித்தப்பா அதைக் கையில் வாங்கி, அடியில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்தார். “அது சரி, இன்னும் எத்தனை நாளைக்கு ஓடுவே?” இருபத்தைந்தில் தேசிய அணிக்குப் போனாள். “அது சரி, டிவியில உன் முதுகைத்தான் காட்டினான்.”

இருபத்தெட்டில் இடது முழங்காலில் தசைநார் அறுந்தது. அன்றைக்கு அவர் ‘அது சரி’ சொல்லவில்லை. மருத்துவமனைக்கு முதல் ஆளாக வந்தார், மூன்று நாள் விடுப்புப் போட்டார், ஆரஞ்சு உரித்துக் கொட்டை எடுத்துக் கொடுத்தார். இந்த இனத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கெட்ட செய்தியில் தங்கமான மனிதர்கள். நல்ல செய்தியோடுதான் இவர்களுக்குத் தகராறு.

ஒன்பது மாதம் அக்கா நடக்கப் பழகி, ஓடப் பழகி, உதைக்கப் பழகினாள். ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிகிறது. பயிற்சியாளர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: கடைசி ஆட்டத்தில் இருபது நிமிடம் இறக்குவேன், அந்தக் காலை நம்பி ஊன்றினால் புது ஒப்பந்தம், இல்லையென்றால் கைகுலுக்கல்.

அதே நாள் மாலை ஐந்தரைக்கு, ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை வேலைக்கு இன்டர்வியூ ஏற்பாடு செய்தார் சித்தப்பா. மறுத்தால் மனசு நோகுமே என்று அக்கா தலையாட்டிவைத்தாள். அவளைக் கையோடு அழைத்துப்போக அவரும் மைதானத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பத்து வருடத்தில் அவர் நேரில் பார்க்கும் முதல் ஆட்டம். மடியில் அவளுடைய சான்றிதழ் ஃபைல்.

எழுபதாவது நிமிடம் இறக்கினார்கள். முதல் பத்து நிமிடம் அவள் இடது காலை இரவல் வாங்கிய பொருள்போல வைத்துக்கொண்டு ஓடினாள். அப்புறம் வலது ஓரத்தில் ஒரு பந்து வந்தது. தடுப்பாட்டக்காரி சறுக்கிக்கொண்டு வந்தாள். ஒதுங்கிப் பந்தை விட்டுவிடலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். அக்கா அந்த இடது காலை ஊன்றி, முழு உடம்பையும் அதன்மேல் போட்டுச் சட்டென்று திரும்பி, வந்தவளை வெறும் புல்லில் சறுக்கவிட்டு, பந்தைப் பின்னால் தள்ளினாள். ஓடிவந்த தோழி அடித்தாள். கோல்.

“கோல் போட்டது அந்தப் பொண்ணுதானே?” என்றார் சித்தப்பா.

“ஆமா.”

“அப்புறம் ஏன் எல்லாரும் இவளைப் போய்க் கட்டிப்பிடிக்கிறாங்க?”

“கால், சித்தப்பா. அந்தக் காலை ஊனித் திரும்பினா.”

“அது சரி, மணி நாலே முக்கால் ஆகுது.”

உடைமாற்றும் அறைக்கு வெளியே காத்திருந்தோம். தலை ஈரமாக, முழங்காலில் ஐஸ் பை கட்டிக்கொண்டு அக்கா வந்தாள். சிரிப்பை அடக்கத் தெரியாத முகம்.

“ரெண்டு வருஷத்துக்குக் குடுத்துட்டாங்க.”

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க ஆரம்பித்தார். அந்த இடைவெளியில் ஒரு குரல் கேட்டது.

“அது சரிக்கா, ரெண்டு வருஷம் கழிச்சு?”

என் குரல்தான். எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. சித்தப்பா என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

அக்காவும் பார்த்தாள். பிறகு சித்தப்பா கையிலிருந்த ஃபைலிலிருந்து தன் சான்றிதழ்களை மட்டும் உருவிக்கொண்டு, காலி ஃபைலை என்னிடம் நீட்டினாள்.

“சித்தப்பா, இன்டர்வியூவுக்கு இவனைக் கூட்டிட்டுப் போங்க.”

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அவள் காலை ஊன்றித் திரும்பியபோதுகூட, உங்கள் மனசின் ஒரு மூலையில் அந்தப் பள்ளிக்கூட வேலை நிரந்தரமா, தற்காலிகமா என்று ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்ததே, அது எனக்குக் கேட்டது.

நிரந்தரம்தான். பென்ஷனும் உண்டு.