மறுபடி அனுப்பவும்

தமிழ்நாட்டில், ஏன், தபால் போகிற தேசம் முழுவதிலுமே, தனக்கு வந்த எந்தக் காகிதத்துக்கும் பதில் போடாமல் விடாத ஒரே ஆள் எங்கள் மறுபடி அண்ணன்தான். இதில் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் அவருக்கே எழுதிப் போடுங்கள். மூன்றாம் நாள் பதில் வரும்.

கல்யாணப் பத்திரிகை வந்தால் மறுநாளே கார்டு போகும். 'தங்கள் அழைப்பிதழ் கிடைக்கப்பெற்றது. நாளும் நேரமும் குறித்துக்கொள்ளப்பட்டன. மதியச் சாப்பாடு பற்றிய விவரம் இணைக்கப்படவில்லை.' கடன் வேண்டுமா என்று செல்போனில் வரும் விளம்பரத்துக்கு, 'கேட்டதற்கு நன்றி, இப்போதைக்கு வேண்டாம், வீட்டில் அனைவரும் நலம்' என்று ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருப்பார். நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொன்னால், "செரி மக்களே, நான் பொறவு விளிக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஊர் கோயிலில் ஃபாதர் பிரசங்கத்தின் நடுவே, "அன்பார்ந்தவர்களே, நாம் யாருக்காக இப்படி ஓடி ஓடி உழைக்கிறோம்?" என்று கேட்டு நிறுத்தியிருக்கிறார். சபையே தலையைக் குனிந்து யோசித்துக்கொண்டிருக்க, மூன்றாவது பெஞ்சிலிருந்து அண்ணன் எழுந்து, "வீட்டுல நாலு பேருக்கு வேண்டி, ஃபாதர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாராம். இதை நான் அவரிடமே கேட்டேன். "அவரு கேட்டாருல்லா தம்பி? கேட்டா மிண்டாம இருக்கது மரியாதியா?" என்றார்.

நாகர்கோவிலிலிருந்து கீரிப்பாறை போகும் பாதையில் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் அவர் பதிவாளர் அலுவலக சூப்பிரண்டு. நான் அங்கே கம்ப்யூட்டர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த மதுரைக்காரன். பல்கலைக்கழகத்தின் நிஜப் பெயரைச் சொன்னால் எனக்கு மெமோ வரும். 'தென்முனை' என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் முதல் பேராசிரியர் வரை எல்லாரும் அவரை மறுபடி அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் சொன்னதையே சாயங்காலமும் மறுபடி மறுபடி சொல்லிப் பிராணனை வாங்குவார், அதனால் வந்த பெயர் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தென்முனை என்ற பெயரையும் அதன் கலங்கரை விளக்குச் சின்னத்தையும் டிரேட் மார்க்காகப் பதிவு செய்ய விண்ணப்பம் போட்டிருந்தோம். பல மாதம் கழித்து எக்ஸாமினேஷன் ரிப்போர்ட் வந்தது. ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் பரீட்சை வைக்கிற எங்களுக்கு, இரண்டு பாடத்திலும் ஃபெயில். முதல் ஆட்சேபணை: தென்முனை என்பது வெறும் இடத்தைக் குறிக்கும் சொல், யாரும் அதைச் சொந்தம் கொண்டாட முடியாது. இரண்டாவது: இதே பெயரில் ஏற்கெனவே ஒரு நோட்டுப் புத்தகம் பதிவாகியிருக்கிறது. ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும்.

பதிவாளர் மேடம் சென்னைக்காரர். அவர் முகம் வாடிப்போனது. அண்ணன் முகமோ கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஆயுசு முழுக்க பத்திரிகைக்கும் விளம்பரத்துக்கும் பதில் போட்டுக் கையைப் பழக்கியவருக்கு மத்திய அரசாங்கமே எழுதிக் கேட்டிருக்கிறது. அந்த ஜூனோடு அவருக்கு வேலை முடிகிறது. ஒரு வருடம் நீட்டிப்புக் கேட்டு மனுக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில், 'டிரேட் மார்க் முடியாமல் கிடக்கிறது' என்று எழுதியிருந்தார். அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் என்று கேன்டீன் வரைக்கும் சொல்லி வைத்திருந்தார்.

பதினான்கு பக்கம் எழுதினார். 'இந்தியாவின் தென்முனை கன்னியாகுமரி. எங்கள் பல்கலைக்கழகம் அங்கே இல்லை. மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது, ரப்பர் மரம்தான் தெரியும். ஆகவே இந்தப் பெயர் இடத்தைக் குறிக்கவில்லை.' நோட்டுப் புத்தகத்துக்கு: 'அது நாற்பது பக்க நோட்டு. நாங்கள் கொடுப்பது பட்டம். ஒன்றை நினைத்து ஒன்றை எந்தப் பிள்ளையும் வாங்கிப்போக மாட்டான்.' ஒன்பதாம் பக்கத்தில் எங்கள் பாதையில் ஓடும் பஸ்ஸின் கண்டக்டரிடம் எழுதி வாங்கிய கடிதத்தை வைத்தார். 'நான் தென்முனை என்று சத்தம் போட்டால் சுற்றுலாக்காரர் ஒருவர்கூட எழும்ப மாட்டார். காலேஜ் பிள்ளைகள் மட்டும்தான் இறங்கும்.'

அப்போது பார்த்து அவருக்குக் கண் ஆபரேஷன் வந்தது. போகும்போது கோப்பைக் கட்டி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மேலே விண்ணப்ப நகல், அதற்குக் கீழே ரிப்போர்ட், அடியில் ஒட்டிய ஒரு பழுப்புக் கவர். கோப்பின் தலையில் ஒரு சீட்டு: 'தம்பி, மறுபடி அனுப்பவும். இருபதாம் தேதிக்கு முன்.'

மறுபடிதானே? அனுப்பினால் போச்சு. மேலே இருந்த விண்ணப்பத்தை அப்படியே ஆன்லைனில் மறுபடி போட்டேன். புது எண் வந்தது. அடியில் இருந்த கவரை ஏற்கெனவே போய்விட்ட பதிலின் நகல் என்று நினைத்து, பிரித்துப் பார்க்க சோம்பல் பட்டு, அலமாரியில் செருகினேன்.

இருபதாம் தேதி ஆஸ்பத்திரியிலிருந்து போன்.

"தம்பி, மறுபடி அனுப்பியாச்சா?"

"மறுபடி அனுப்பிட்டேண்ணே."

"கம்ப்யூட்டர்ல ஏறிச்சா?"

"நம்பரே வந்துருச்சுண்ணே."

"மாதாவுக்கு நன்றி. இனி எனக்கு ரெண்டு கண்ணும் போனாலும் கொள்ளாம்."

சில வாரம் கழித்து ஒரு காலையில் அந்த வலைத்தளத்தைத் திறந்தால், எங்கள் விண்ணப்பத்துக்கு நேரே 'கைவிடப்பட்டது' என்று கிடந்தது. டைப்பிஸ்ட் லீலா அக்காவிடம் சீட்டைக் காட்டினேன். அக்கா மார்த்தாண்டம் பக்கம். சீட்டைப் படித்தாள், என்னைப் பார்த்தாள், தலையில் கை வைத்தாள்.

"எடே பாவி, எங்க ஊருல மறுபடின்னா பதிலுல்லா? அண்ணனுக்கு அந்தப் பேரே அதுக்குத்தானே?"

ஓடிப்போய் அலமாரியில் இருந்த கவரைக் கிழித்தேன். பதினான்கு பக்கமும் ஒரு பென்டிரைவும் இருந்தன. ஒன்பதாம் பக்கத்தில் கண்டக்டரின் கையெழுத்து.

இதுவரை நடந்தது முட்டாள்தனம். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. இனிமேல் சொல்வதற்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

பதினொரு மணிக்கு மேடம் அண்ணனையும் என்னையும் கூப்பிட்டார். "ஒண்ணரை வருஷ வேலை. இருந்ததைக் கைவிட்டுட்டு, இன்னொண்ணை வரிசையில கடைசியா கொண்டுபோய் நிறுத்தியிருக்கீங்க. யார் செஞ்சது இது?" என்றார். நான் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினேன். "மறுபடி அனுப்பவும்னு சார்தான் எழுதி வச்சிருந்தாரு மேடம். அதான் மறுபடி அனுப்பினேன்."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அயோக்கியத்தனம் அங்கேதான் இருந்தது. கவர் விஷயத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

"ஒரு தடவை அனுப்பினதை எதுக்குங்க திரும்ப அனுப்பச் சொன்னீங்க?" என்று மேடம் அவரைக் கேட்டார். அண்ணன் வாயைத் திறந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். ஆபரேஷன் செய்த கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால், எப்படிப் பார்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

"எனக்க எழுத்துதான் மேடம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஏழு நாளைக்குள் விளக்கம் தர வேண்டும் என்று அவருக்கு மெமோ போயிற்று. அதை டைப் அடித்தது நான். அண்ணனுக்கா பதில் எழுதத் தெரியாது, பதினான்கு பக்கம் எழுதி என்னைக் கிழிகிழியென்று கிழிக்கப்போகிறார் என்று தினமும் பயந்துகொண்டே ஆபீஸ் போனேன். அந்த வாரம் அவர் ஒரு புதுமனைப் புகுவிழாப் பத்திரிகைக்குப் பதில் போட்டார். ஒரு இன்சூரன்ஸ்காரருக்குப் போட்டார். வழி தவறி எங்கள் ஆபீசுக்கு வந்துவிட்ட யாருடைய கடிதத்துக்கோகூட ஆறுதலாக நாலு வரி எழுதினார். மெமோ மட்டும் மேஜையில் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் கிடந்தது. எழுதினால் அதில் என் பெயரை எழுத வேண்டியிருக்கும். எட்டாம் நாள் மேடம், 'விளக்கம் பெறப்படவில்லை' என்று குறித்து, நீட்டிப்பு மனுவையும் தள்ளுபடி செய்தார்.

லீலா அக்கா அதன்பிறகு ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. அண்ணன் அவளிடம் என்ன சொல்லி வைத்தாரோ, நான் செய்ததை வெளியில் யாரிடமும் சொல்லவுமில்லை. பிரிவுபசார விழாவில் மிக்சரும் டீயும் கொடுத்தார்கள். நான் மைக்கைப் பிடித்து, "அண்ணனைப் போல ஒரு மனுஷன் உண்டா?" என்று கேட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். நான் நேராகக் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். அவர் நாற்காலியை எனக்கே கொடுத்தார்கள்.

நான் மறுபடி போட்ட விண்ணப்பத்துக்கும் ஒரு நாள் ரிப்போர்ட் வந்தது. பழைய இரண்டு ஆட்சேபணையோடு புதிதாக ஒன்று: இதே பெயரில் ஏற்கெனவே ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார். அந்த ஒருவர் நாங்கள்தான். அண்ணனின் பதினான்கு பக்கத்தையும் ஒரு கமா மாற்றாமல் அனுப்பினேன். பிறகு வீடியோவில் விசாரணை. அதிகாரி ஒன்பதாம் பக்கத்துக்கு வந்ததும் கண்டக்டரின் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். சிரித்தும்விட்டார். சில மாதத்தில் சான்றிதழ் வந்தது. மேடம் என் கையைக் குலுக்கினார். நானும் கையை நீட்டினேன்.

அடுத்த ஞாயிறு சான்றிதழின் நகலை எடுத்துக்கொண்டு கருங்கல் பக்கம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். "நீங்கதானா அந்தத் தம்பி? கம்ப்யூட்டர்ல புலின்னு இவிய எப்பவும் சொல்லுவாவ" என்றார். அப்படியே பஸ் ஏறிவிடலாமா என்று இருந்தது.

அண்ணன் சான்றிதழை இரண்டு முறை படித்தார்.

"பக்கம் ஒம்பதை வாசிச்சாரா?"

"சத்தமா வாசிச்சாருண்ணே."

"சிரிச்சாரா?"

"சிரிச்சாரு."

"அப்பம் கிட்டும்னு எனக்குத் தெரியும்லா."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அண்ணே, மேடம் கூப்பிடுறதுக்கு முன்னாடியே எனக்கு விஷயம் தெரியும். கவரைப் பிரிச்சுப் பாத்துட்டேன். தெரிஞ்சேதான் சீட்டை நீட்டினேன்" என்றேன்.

"தெரியும் மக்கா. லீலா அன்னைக்கே சொன்னா."

"அப்ப ஏண்ணே சும்மா இருந்தீங்க?"

"உனக்க பிள்ளைக்கு அப்பம் ரெண்டு மாசம். நீ சேந்து ஒரு வருசம் ஆகல்ல. உன்னைப் போவச் சொன்னா நீ எங்க போவ? எனக்குப் போவ வீடு உண்டு. நான் போனேன்."

"என்னை ரெண்டு திட்டாவது திட்டியிருக்கலாம்ணே."

"திட்டணும்னுதான் இருந்துது. நல்லா திட்டணும்னு இருந்துது" என்றார். சான்றிதழை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இன்னைக்கு வருவான், நாளைக்கு வருவான்னு வாசலைப் பாத்துட்டு இருந்தேன். வாறதுக்கு உனக்கு இம்புட்டு நாளா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் எடுத்து வைத்துவிட்டுக் கூப்பிட்டார். "எழும்பு, ஆறிப்போவும்" என்று அண்ணன் என் தோளைப் பிடித்து எழுப்பினார்.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. எந்தப் படிவத்தில் கேட்டாலும் இல்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. எழுதும்போது இப்போதெல்லாம் கை கொஞ்சம் தயங்குகிறது.