நாலு நிமிடத் தேர்தல் பேச்சு

லண்டனில் நான் பார்த்த தமிழர்களில், பேசத் தொடங்கினால் முடிக்கவும் தெரிந்தவர் கிராமபோன் அண்ணை ஒருவர்தான்.

எண்பதுகளில் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் வாடகைக்கு இருந்த கட்டடத்தின் மேல்மாடியில் தனியாக இருந்தார். பெற்றோல் ஷெட்டில் வேலை. சந்தையில் பழைய கிராமபோன் ஒன்றும், முதல் உலகப் போருக்கு முந்திய ஆங்கிலேய வேட்பாளர் ஒருவரின் பேச்சு அடங்கிய இசைத்தட்டு ஒன்றும் வாங்கி வந்தார். வேறு தட்டு அவரிடம் இல்லை. வாங்கும் உத்தேசமும் இல்லை. அவர் அறைக்குத் தேநீர் குடிக்கப் போனவர்களெல்லாம் அந்த வேட்பாளரைக் கேட்டுவிட்டுத்தான் திரும்பினோம்.

பிறகு விளக்கமும் உண்டு. அதுவரை வேட்பாளர்கள் மைதானத்தில் நின்று மணிக்கணக்காகக் கத்தினார்களாம். தட்டில் பேச்சைப் பதியும் குழாய்க்கு முன்னால் கைதட்ட ஆளில்லை. இசைத்தட்டும் நாலு நிமிடத்தில் முடிந்துவிடும்.

"சனத்துக்குப் பயந்து அவங்கள் பேச்சைக் குறைக்கேல்லை, தம்பி. மெசினுக்குப் பயந்துதான்" என்பார்.

ஒருமுறை கட்டடத்தைச் சூடாக்கும் ஹீற்றிங் பழுதானது. வீட்டுக்காரர் கவனிக்கவில்லை. அவரோடு பேச, குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு தலைவர் தேவைப்பட்டார். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் போட்டியிட்டார். அவருடைய அறிமுக உரையிலேயே பிள்ளைகள் தூங்கிவிட, அவர்களைத் தூக்கிப்போகும் சாக்கில் பெரியவர்களும் எழுந்து போனார்கள்.

எதிர்த்து நின்ற கிராமபோன் அண்ணை கூட்டத்துக்கே வரவில்லை. வெளிச்சத்தம் விழாமல் அலுமாரிக்குள் கோட்டுகளுக்கு நடுவே இருந்து நாலு நிமிடப் பேச்சைக் கசற்றில் பதிந்து, வீடுவீடாகக் கொடுத்தார். எல்லாம் பழைய கசற்றுகள். பேச்சு முடிந்த கையோடு, பாதியில் அழிபட்ட சினிமாப் பாட்டு தொடர்ந்தது. எதிரில் கூட்டம் இல்லாததால் அவர் கத்தவில்லை. பக்கத்தில் இருந்து கதைப்பதுபோலக் கதைத்திருந்தார். கீழ்மாடிச் சரசு அக்கா சமைத்தபடியே அந்தக் குரலுக்கு "ஓம், ஓம்" என்று பதில் சொன்னார். அண்ணை வென்றார்.

குளிர் வந்தது. வீட்டுக்காரர் வரவில்லை. சரசு அக்கா கைக்குழந்தையை இடுப்பிலும் கசற் பிளேயரைக் கையிலுமாகத் தூக்கிக்கொண்டு அண்ணையின் அறைக்கு ஏறி, அவருடைய கசற்றைப் போட்டுக் காட்டினார்.

"குளிருக்கு முன்னம் ஹீற்றிங் வராட்டி, என்ரை சொந்த ஹீற்றரை நான் தாறன்" என்றது அண்ணையின் குரல்.

மேடையில் சொன்ன சொல்லென்றால், அப்படிச் சொல்லவேயில்லை என்று தப்பியிருக்கலாம். அண்ணை கடைசிவரை, சினிமாப் பாட்டு வரும்வரை, கேட்டார்.

"குரல் என்ரைதான்" என்றார். பிளக்கைக் கழற்றி, ஹீற்றரைத் தானே சுமந்து கீழே கொண்டுபோய் வைத்தார்.

நாலு பேர் மூச்சுச் சூட்டில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் அறையில் அவருக்கும் ஒரு மெத்தை போட்டோம். அவருடைய குறட்டை தெருவரை கேட்கும். குளிர் போனபிறகும் அவரை மேலே போகச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.